காந்தம் ஒட்டவில்லை, ஆனாலும் காந்தமானி ஆடுகிறது: ஆய்வுக் கருவிக்குப் பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

இறுதியாண்டுத் திட்டத்துக்காக மூன்று திசைக்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் (நடுவில் சீரான காந்தப்புலம் தரும் இரட்டைக் கம்பிச்சுருள்) சுற்றி, பூமியின் காந்தப்புலத்தை நடுவில் ரத்து செய்து, அங்கே ஒரு ஃபிளக்ஸ்கேட் காந்தமானியை, அதாவது மிகச் சிறிய காந்தப்புலத்தையும் அளக்கும் உணரியை, நிறுத்தியிருக்கிறீர்கள். சட்டம் அலுமினியம். மாதிரியை வைக்கும் சுழல் தாங்கி பித்தளை. அது உணரியிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஸ்க்ரூ எல்லாம் எஸ்.எஸ். 304 என்ற துருப்பிடிக்காத எஃகு. ஹார்ட்வேர் கடையிலேயே காந்தம் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினீர்கள், எதிலும் ஒட்டவில்லை. ஆனாலும் வெறும் தாங்கியைத் திருப்பினாலே அளவு 30 நானோடெஸ்லா வரை ஆடுகிறது. காந்த ஏற்புத்திறன் அட்டவணையைப் புரட்டினால், ஒரே செம்புக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு எண். ‘காந்தமே இல்லாத பொருள் எது? பினாங்கில் கிடைக்குமா?’ என்று கேட்கிறீர்கள்.

காந்தமே இல்லாத பொருள் பினாங்கில் மட்டுமல்ல, எங்கேயும் கிடைக்காது. தண்ணீர், மரக்கட்டை, உங்கள் விரல் எல்லாமே காந்தப்புலத்துக்குக் கொஞ்சமாவது பதில் சொல்கின்றன. அந்தப் பதில் எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி. அதற்குள் போகும் முன்பு, நீங்கள் அளந்த அந்த 30 என்ற எண்ணைக் கவனியுங்கள். எந்தப் பொருள் குற்றவாளி இல்லை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

பினாங்கில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 42 மைக்ரோடெஸ்லா, அதாவது 42,000 நானோடெஸ்லா. (காந்த நடுக்கோடு நமக்குக் கொஞ்சம் வடக்கேதான் போகிறது. அதனால் இங்கே புலம் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும். செங்குத்துத் திசைச் சுருளுக்கு மின்னோட்டம் மிகக் குறைவாகத் தேவைப்படுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.) காந்த ஏற்புத்திறன் என்பது, ஒரு பொருளைப் புலத்தில் வைத்தால் அது எந்த அளவு காந்தமாகும் என்ற விகிதம். பலவீனமான பொருள் ஒன்று தன் பக்கத்துப் புலத்தை மாற்றும் அளவு, அதன் ஏற்புத்திறனைப் புலத்தால் பெருக்கினால் வருவதைப் பொதுவாகத் தாண்டாது. வடிவமும் தூரமும் சேர்ந்து அதை இன்னும் குறைத்துவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஏற்புத்திறனை மில்லியனில் இத்தனை பங்கு என்று சொல்வது வசதி, பி.பி.எம். என்பது அதுதான். அலுமினியத்துக்கு அது சுமார் 21. அதை 42,000-ஆல் பெருக்கினால் 0.9 நானோடெஸ்லாதான் வருகிறது. உணரியை அலுமினியத்தால் சுற்றியே அடைத்தாலும் 30 வராது. டைட்டானியத்துக்கு 180. அதுகூட 7.6 நானோடெஸ்லாவோடு நின்றுவிடும். 30 நானோடெஸ்லா வரவேண்டுமென்றால் 700 பி.பி.எம்.-க்கு மேல் ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அதுவும் உணரியை ஒட்டி இருக்க வேண்டும். உங்களுடையதோ 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே சாதாரண டயா காந்தப் பொருள் (காந்தம் லேசாகத் தள்ளுவது), பாரா காந்தப் பொருள் (காந்தம் லேசாக இழுப்பது) எதன் மீதும் பழி போட முடியாது. எங்கேயோ ஃபெர்ரோ காந்தம், அதாவது இரும்பின் குணம் கொண்ட ஒன்று, ஒளிந்திருக்கிறது.

இன்னொரு தடயமும் உண்டு. சுருளால் புலத்தை ஏற்கெனவே ரத்து செய்துவிட்டீர்கள். புலம் தூண்டி உண்டாக்கும் காந்தம், புலம் போனதும் போய்விட வேண்டும். அப்படியும் தாங்கியைத் திருப்பினால் அளவு ஆடுகிறது என்றால், அந்தத் தாங்கியில் ஒரு குட்டி நிலைக்காந்தம் உட்கார்ந்திருக்கிறது. உறுதி செய்து கொள்ள ஒரு வழி: சரியாக 180 டிகிரி திருப்புங்கள். எஞ்சிய காந்தம், அதாவது புலம் போன பிறகும் பொருளில் தங்கியது, என்றால் அதன் பங்கு அப்படியே குறி மாறும். தூண்டிய காந்தம் என்றால் குறி மாறாது. இந்த ஒரு சோதனைக்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. பொருள் மாற்றும் முன்பு இதைச் செய்துவிடுங்கள்.

சரி, இப்போது எண்கள். உங்கள் இரண்டு புத்தகக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். செம்புக்கு எஸ்.ஐ. முறையில் கன அளவு ஏற்புத்திறன் கழித்தல் 9.6 பி.பி.எம். பழைய சி.ஜி.எஸ். முறையில் அதே செம்புக்குக் கழித்தல் 0.77. இரண்டும் சரிதான். நடுவில் நான்கு பை, அதாவது 12.57 என்ற பெருக்கம் இருக்கிறது. ஏற்புத்திறனுக்கு அலகு கிடையாது என்பதால் எந்த முறை என்று எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அனுபவமுள்ளவர்களே இங்கே தடுக்கி விழுவார்கள். இதற்கு மேல், வேதியியல் கையேடுகள் ஒரு மோலுக்கு எவ்வளவு என்று தரும், சில நூல்கள் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று தரும். மோல் கணக்கில் செம்பு கழித்தல் 5.46 என்று இருக்கும். அதை அணு நிறை 63.55-ஆல் வகுத்து, அடர்த்தி 8.96-ஆல் பெருக்கினால் 0.77 வரும். அதை 12.57-ஆல் பெருக்கினால் 9.6-க்கு வந்து சேர்வீர்கள். எந்த அட்டவணையைத் திறந்தாலும் முதலில் செம்பையோ தண்ணீரையோ தேடுங்கள். எஸ்.ஐ. முறையில் தண்ணீர் கழித்தல் 9. அது அப்படி இருந்தால் அட்டவணையை அப்படியே பயன்படுத்தலாம்.

இனி நான் சொல்வதெல்லாம் எஸ்.ஐ. கன அளவுக் கணக்கு, பி.பி.எம்.-இல். டயா காந்தப் பக்கம் எல்லாமே கழித்தல்: செம்பு 9.6, உருக்கிய சிலிக்கா சுமார் 15, ஈயம் 16, வெள்ளி 24, தங்கம் 34, பிஸ்மத் 165. பிளாஸ்டிக்குகளில் பெரும்பாலானவை தண்ணீரை ஒட்டிக் கழித்தல் 9, 10 என்ற அளவில் நிற்கும். பாரா காந்தப் பக்கம் காற்று 0.4, மக்னீசியம் 12, அலுமினியம் 21, டங்ஸ்டன் 77, மாலிப்டினம் 120, டைட்டானியம் 180, பிளாட்டினம் 280. இவ்வளவுக்கும் அப்பால், ‘காந்தமில்லாத’ எஃகு என்று விற்கப்படும் 304, 316 வகைகள் நன்றாகப் பதப்படுத்திய நிலையிலேயே 3,000 முதல் 7,000 வரை இருக்கும். செம்பின் அளவோடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு. இதை வாங்கும் இடத்தில் யாரும் சொல்வதில்லை.

ஆனால் அந்த 5,000 பி.பி.எம். எஃகும் உங்கள் 30-க்குக் காரணமாக இருக்க முடியாது. ஒரு எம்4 ஸ்க்ரூவின் கன அளவு 0.2 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பூமியின் புலத்தில், 5 சென்டிமீட்டர் தூரத்தில், அது தரும் மாற்றம் 0.05 நானோடெஸ்லா. உங்கள் காந்தமானிக்கு அது தெரியவே தெரியாது. அதே ஸ்க்ரூவின் ஏற்புத்திறன் ஒன்று என்ற அளவுக்கு, அதாவது ஒரு மில்லியன் பி.பி.எம்.-க்கு, ஏறிவிட்டால் மாற்றம் 10 நானோடெஸ்லா. எஞ்சிய காந்தமும் சேர்ந்துகொண்டால் அதற்கும் மேல். அது எப்படி ஏறும்? 304-இன் கதையே அதில்தான் இருக்கிறது.

304-இல் 18 முதல் 20 விழுக்காடு குரோமியம், 8 முதல் 10.5 விழுக்காடு நிக்கல். அந்த நிக்கல்தான் இரும்பு அணுக்களை ஆஸ்டெனைட் என்ற அடுக்கில் பிடித்துவைத்திருக்கிறது. அந்த அடுக்கு ஃபெர்ரோ காந்தம் இல்லை. ஆனால் 304-இல் நிக்கல் அதற்குப் போதுமா போதாதா என்ற விளிம்பில்தான் இருக்கிறது. குளிர்ந்த நிலையில் அடித்தாலோ, இழுத்தாலோ, வளைத்தாலோ, ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்ற வேறு அடுக்குக்குச் சரிந்துவிடும். அது முழு ஃபெர்ரோ காந்தம். ஸ்க்ரூ எப்படிச் செய்கிறார்கள்? கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே அடித்துத் தலை உண்டாக்குகிறார்கள், அச்சில் உருட்டி மரை போடுகிறார்கள். 304-ஐக் கெடுக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. தண்டு நல்லபடியாக இருக்கும், தலையும் மரையும் காந்தமாகியிருக்கும்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். லிட்டில் இந்தியா பக்கம் லெபோ பாசாரில் எவர்சில்வர் பாத்திரக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே வாங்கிய நல்ல தம்ளர் ஒன்றை எடுங்கள். ஒரு சின்ன நியோடிமியம் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு முதலில் அடிப்பாகத்தின் நடுவில் கொண்டுபோங்கள். பிறகு மெதுவாக விளிம்பு வரை ஏற்றுங்கள். பெரும்பாலான தம்ளர்களில் அடியில் அசையாத காந்தம், விளிம்புப் பக்கம் லேசாக இழுபடும். தட்டையான தகட்டை அச்சில் அழுத்தி இழுத்துத்தான் தம்ளர் செய்கிறார்கள். அதிகம் இழுபட்டது மேல்பக்கம். ஒரே தகடு, ஒரே உருக்கு, ஆனால் அதற்கு நடந்தது இடத்துக்கு இடம் வேறு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ‘டக்’ என்று ஒட்டினால் அது வேறு வகை எஃகு, நிக்கல் இல்லாத 430 போன்றது.

கையேட்டில் நீங்கள் படிக்கும் எண், சுத்தமான, பதப்படுத்திய ஒரு துண்டுக்கு உரியது. உங்கள் கையில் இருப்பதோ யாரோ உருக்கி, இழுத்து, கடைந்து, முலாம் பூசிய ஒரு பாகம். எனக்கு இந்த வேலையில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். எந்த உலோகம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதற்கு என்னென்ன நடந்தது என்றும் கேட்க வேண்டும்.

316-இல் நிக்கல் 10 முதல் 14 விழுக்காடு, கூடவே 2, 3 விழுக்காடு மாலிப்டினம். அடித்தாலும் சரிவது குறைவு. 310-இல் நிக்கல் 20-ஐ ஒட்டி இருப்பதால் இன்னும் உறுதி. எஃகுதான் வேண்டும் என்றால் 316-க்குக் கீழே போக வேண்டாம். கெட்டுப்போன 304-ஐ 1,050 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் பழையபடி ஆகிவிடும், ஆனால் ஸ்க்ரூவின் வலிமையும் பளபளப்பும் போய்விடும். பற்றவைத்த இடம் இன்னொரு தொல்லை. பற்றவைக்கும்போது விரிசல் விடாமல் இருக்க, நிரப்புக் கம்பியில் வேண்டுமென்றே கொஞ்சம் ஃபெரைட் உருவாகும்படி செய்திருப்பார்கள். அது ஃபெர்ரோ காந்தம். வெற்றிடக் கலம் செய்பவர்கள் உணரியைப் பற்றவைப்புக் கோட்டுக்கு எதிரே வைக்கக் கூடாது. வார்த்த எஃகிலும் இதே கதை.

இப்போது உங்கள் பித்தளைத் தாங்கி. செம்பும் துத்தநாகமும் இரண்டுமே டயா காந்தம். கலந்தாலும் கழித்தல் பத்துப் பதினைந்துதான் வரவேண்டும். ஆனால் கடைசலுக்கென்று விற்கும் ஈயம் கலந்த பித்தளையில் இரும்பு 0.35 விழுக்காடு வரை இருக்கலாம் என்று தரக் குறிப்பே அனுமதிக்கிறது. அந்த இரும்பு பித்தளைக்குள் முழுவதும் கரைவதில்லை, பொடிப் பொடியாகப் பிரிந்து நின்றுவிடும். ஒவ்வொரு பொடியும் ஒரு காந்தம். பழைய பித்தளையை உருக்கி வார்த்த கட்டி என்றால் சொல்லவே வேண்டாம், அதில் ஆணித் துண்டுகூடக் கலந்திருக்கும். இங்கே ஒரு விந்தை: 6061 அலுமினியத்திலும் 0.7 விழுக்காடு வரை இரும்பு இருக்கலாம். ஆனால் அது அலுமினியத்தோடு சேர்மமாகிவிடுவதால் பொதுவாக அடங்கியே கிடக்கிறது. இரும்பு எவ்வளவு என்பதைவிட அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

வெண்கலத்தில் பாஸ்பர் வெண்கலம் நல்லது. அலுமினியம் வெண்கலம் வேண்டாம். கப்பல் உந்துசுழலிக்குப் பயன்படும் நிக்கல்-அலுமினியம் வெண்கலத்தில் இரும்பும் நிக்கலும் தலா நாலைந்து விழுக்காடு இருக்கும். துறைமுக ஊரில் பழைய உலோகம் விற்கும் இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். மோனல் என்ற நிக்கல்-செம்புக் கலவையும் அப்படித்தான். அதன் கியூரி வெப்பநிலை (ஃபெர்ரோ காந்தக் குணம் மறையும் வெப்பநிலை) அறை வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஏர்கான் ஓடும்போது ஒரு மாதிரியும் நின்றுவிட்டால் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தாங்கிக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு, பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பட்டறையில் பாஸ்பர் வெண்கலத்தில் ஆறு வளையம் கடைந்து வாங்கினோம். கம்பியை வாங்கியபோதே அளந்து பார்த்திருந்தேன், சுத்தமாக இருந்தது. கடைந்து வந்த வளையங்களில் நான்கு ஆடின, இரண்டு ஆடவில்லை. மூன்று நாள் சுருளையும் மின்மூலத்தையும் சந்தேகித்தோம். கடைசியில் பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். அதே லேத்தில் காலையில் சாதா இரும்பு வேலை, மதியம் எங்கள் வேலை. இரும்புத் துகள் வெண்கலத்தின் மேல்தோலில் அழுந்தி ஒட்டியிருந்தது. அதன்மேல் பளபளப்புக்காக இரும்புக் கம்பளியால் வேறு தேய்த்திருக்கிறார்கள். அந்த அண்ணன் நல்ல கைத்திறன் உள்ளவர், அவர் மேல் தவறு இல்லை. எங்களுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லவில்லை. வளையங்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, மறுபடி அளந்தோம். நான்கும் அடங்கிவிட்டன. அதன் பிறகு பட்டறைக்குப் போகும் ஒவ்வொரு வேலையோடும் மூன்று வரி எழுதிக் கொடுப்பேன்: புது கார்பைடு வெட்டுளி, துடைத்த லேத், இரும்புக் கம்பளி கூடாது. (அலுமினியத்தை அந்த அமிலத்தில் போடக் கூடாது, அதையே தின்றுவிடும். எந்த அமிலமானாலும் கண்ணாடி, கையுறை, காற்றோட்டம் மூன்றும் வேண்டும்.)

முலாமும் கவனிக்க வேண்டியது. தங்க முலாம் பூசிய இணைப்பி என்றால் தங்கத்துக்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கும். மின்சுற்று அட்டையில் தங்கநிறப் பூச்சு வந்தால் அதற்கு அடியிலும் சில மைக்ரான் நிக்கல். மின்வேதி முறையில் பூசிய நிக்கல் ஃபெர்ரோ காந்தம்தான். மின்னோட்டம் இல்லாமல் பூசும் நிக்கலில் பாஸ்பரஸ் 11 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் காந்தம் இருக்காது, ஆனால் பிறகு கடினப்படுத்தச் சூடாக்கினால் வந்துவிடும். சின்னச் சின்ன சிப் மின்தடைகளின் இரண்டு முனையிலும் நிக்கல் அடுக்கு. கண்ணாடி முத்திரை உள்ள பழைய பாகங்களின் கால்கள் கோவார், அது இரும்பு-நிக்கல்-கோபால்ட் கலவை. 1972-இல் இன்டெல் வந்ததிலிருந்து நம் தீவில் மின்னணுத் தொழிற்சாலையில் யாராவது ஒருவர் வேலை பார்க்காத குடும்பம் குறைவு. முனைப்பூச்சில் நிக்கல் இல்லாத மின்தடை கிடைக்குமா என்று அவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். காந்த ஒத்ததிர்வுக் கருவிகளுக்காக அப்படிப்பட்ட பாகங்கள் தனியாகச் செய்யப்படுகின்றன. மின்கலத்தின் உறை நிக்கல் பூசிய இரும்பு, அதை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

அலுமினியச் சட்டத்தில் மரை தேயாமல் இருக்க உள்ளே சுருள்மரைச் செருகி போட்டிருக்கிறீர்களா? கேள்வியில் அதை எழுதவில்லை. போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். அது குளிர்ந்த நிலையில் இழுத்த 304 கம்பி, மேலே சொன்ன எல்லாக் கெடுதலும் அதில் உண்டு. வெளியே தெரியாமல் அலுமினியத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பாஸ்பர் வெண்கலத்திலும் அதே செருகி கிடைக்கிறது.

பிளாஸ்டிக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? நிறமில்லாததை நம்பலாம். கறுப்பு, பழுப்பு, சிவப்பு நிறங்களில் இரும்பு ஆக்சைடு நிறமி கலந்திருக்க வாய்ப்புண்டு. அசிட்டால், பீக், நைலான் மூன்றும் எளிதில் கடையலாம். நைலானை மட்டும் நம் ஊர் ஈரத்துக்கு யோசித்துப் பயன்படுத்துங்கள். அது தண்ணீரை உறிஞ்சி அளவு மாறும், மழை நாளில் தாங்கி இறுகிவிடும். அசிட்டால் அவ்வளவு உறிஞ்சாது, விலையும் தாங்கும்.

கல்லையும் விட்டுவிடக் கூடாது. அளவுக் கூடத்தில் இருக்கும் வழவழப்பான கறுப்புக் ‘கிரானைட்’ மேடை புவியியல்படி கிரானைட்டே இல்லை. பெரும்பாலும் காப்ரோ அல்லது டயபேஸ் என்ற கருங்கல் வகை, அதில் மேக்னடைட் இருக்கும். தீவின் மலையில் நாம் பார்க்கும் வெளிர் நிறக் கல்தான் உண்மையான கிரானைட். மலாயாவின் வெள்ளீயம் தாங்கிய கிரானைட்டுகள் பெரும்பாலும் மேக்னடைட் குறைந்த, இல்மனைட் வகையைச் சேர்ந்தவை, காந்தம் மிகக் குறைவு. கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீய மணலைக் கழுவிய பிறகு மிஞ்சும் ‘அமாங்’ மணலைப் பிரிப்பதும் இதே ஏற்புத்திறனை வைத்துத்தான். இல்மனைட்டைக் காந்தம் எளிதில் இழுத்துவிடும், மோனசைட்டுக்கு வலுவான காந்தம் வேண்டும், சிர்க்கான் அசையாமல் நின்றுவிடும். உங்கள் பாடப்புத்தகத்து எண், அங்கே ஒரு தொழிலுக்கே சோறு போட்டிருக்கிறது.

இனி, உங்கள் கையில் உள்ள பொருளை நீங்களே அளப்பது எப்படி? நகைக்கடையில் இருக்குமே, ஒரு மில்லிகிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, அது போதும். தராசுத் தட்டில் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மரக்கட்டையோ பிளாஸ்டிக் குவளையோ வைத்து, அதன் மேல் 20 மில்லிமீட்டர் நியோடிமியம் வட்டை வையுங்கள். காந்தம் தராசின் உள் உறுப்புகளை இழுக்காமல் இருக்கத்தான் அந்த உயரம். தராசைச் சுழியாக்குங்கள். இப்போது உங்கள் துண்டை ஒரு மரத் தாங்கியில் கட்டி, மேலிருந்து மெதுவாக இறக்கி, காந்தத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். பொருள் பாரா காந்தம் என்றால் காந்தத்தை மேலே இழுக்கும், எடை குறையும். டயா காந்தம் என்றால் கீழே தள்ளும், எடை கூடும். ஒரு கன சென்டிமீட்டர் செம்பு ஏறத்தாழ 7 மில்லிகிராம் தள்ளும், அலுமினியம் 15 மில்லிகிராம் இழுக்கும், 5,000 பி.பி.எம். எஃகு 3, 4 கிராம் இழுக்கும். காந்தத்தைப் பொறுத்து இந்த எண்கள் மாறும், அதனால் அதே அளவு செம்பையும் அலுமினியத்தையும் ஒப்பீட்டுக்கு அளந்துகொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பிளாஸ்டிக்கை அளக்கும்போது உராய்வு மின்சாரம் ஏமாற்றும், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு அளந்தால் சரியாகும்.

இதே அடிப்படையில்தான் 1889-இல் கூய் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் ஒரு தராசு முறையை முன்வைத்தார், அதில் மாதிரி தராசில் தொங்கும், நாம் காந்தத்தைத் தட்டில் வைக்கிறோம். கடையில் நீங்கள் செய்த ‘ஒட்டுகிறதா’ சோதனை ஏன் போதவில்லை என்றும் இந்த எண்கள் சொல்லும். நாலு கிராம் இழுப்பைத் தராசு காட்டும், கை உணராது. வலுக் குறைந்த காந்தம் என்றால் அந்த நாலு கிராமும் இருக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: வலுவான காந்தத்தின் பக்கம் போன பாகத்தில் எஞ்சிய காந்தம் ஏறியிருக்கலாம். ஹார்ட்வேர் கடையில் நீங்கள் வைத்துப் பார்த்த காந்தமே உங்கள் ஸ்க்ரூக்களைக் காந்தமாக்கியிருக்க வாய்ப்பு நிறைய. மாறுமின்னோட்டச் சுருளுக்குள் வைத்து மெதுவாக வெளியே இழுத்து அதை நீக்கிவிட்டுத்தான் கருவியில் பூட்ட வேண்டும்.

ஏற்புத்திறன் குறைவாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுருளில் மின்னோட்டத்தை மாற்றினால் அலுமினியச் சட்டத்தில் சுழல் மின்னோட்டம் ஓடும். மூடிய வளையமாக உள்ள சட்டம் ஒரு குறுக்குச் சுற்றாகவே வேலை செய்யும். ஒரு இடத்தில் அறுத்து, நடுவில் பிளாஸ்டிக் துண்டு வைத்துப் பூட்டுங்கள். நிலைப்புலம் மட்டும் என்றால் இது தேவையில்லை.

மறுபக்கத்தில், அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவி செய்பவர்களுக்கு ஒரு பி.பி.எம்.கூடப் பெரிய தலைவலி. அவர்கள் செம்பின் கழித்தலையும் அலுமினியத்தின் கூட்டலையும் சேர்த்தே சுருள் கம்பி செய்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு அலுமினியம், இரண்டு பங்கு செம்பு என்ற அளவில் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், மொத்தம் சுழிக்குப் பக்கத்தில் நிற்கும். எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிக அழகாகத் தோன்றுவது அந்தக் கம்பிதான்.

உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. அலுமினியச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தாங்கியை வெள்ளை அசிட்டாலில் கடையச் சொல்லுங்கள். உணரியிலிருந்து 10 சென்டிமீட்டருக்குள் உள்ள ஸ்க்ரூ எல்லாம் அசிட்டால் அல்லது பீக். வலிமை வேண்டிய இரண்டு மூன்று இடத்தில் டைட்டானியம், சைக்கிள் கடைகளில் எம்4, எம்5 அளவில் கிடைக்கும். அதற்கு அப்பால் 316. தூரம்தான் எல்லாவற்றிலும் மலிவான பொருள்: இரட்டிப்பாக்கினால் பாதிப்பு எட்டில் ஒன்றாகும், ஏனென்றால் அது தூரத்தின் கனத்தில் குறைகிறது. 5 சென்டிமீட்டரை 10 ஆக்கினாலே உங்கள் 30, 4 ஆகிவிடும்.

எதையும் வாங்கும் முன்பு நாளைக்கே செய்ய வேண்டியது: தாங்கியைக் கழற்றி, ஸ்க்ரூக்களையும் ஒவ்வொன்றாக உணரிக்கு முன்னால் 5 சென்டிமீட்டரில் வைத்துத் திருப்பி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெறும் பித்தளையையும் தனியாகத் திருப்பிப் பாருங்கள். அரைநாள் வேலை, குற்றவாளி பெயரோடு வந்துவிடுவான். அளக்கும்போது கைபேசி, சாவி, பெல்ட் மூன்றும் அறைக்கு வெளியே இருக்கட்டும். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தால் பாதுகாப்புக் காலணியையும் கழற்றிவிடுங்கள், அதன் முனையில் இரும்புத் தொப்பி இருக்கிறது.